உடைய வேண்டிய இடத்தில் உடையும் ஸ்டியரிங்

1965இல் வந்த ஒரு ஷெவர்லே காரையும் 1975இல் வந்த ஒரு ஷெவர்லே காரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள் நிறைய இருக்கும். ஆனால் மிக முக்கியமான வித்தியாசம் வெளியே தெரியாது. அது ஸ்டியரிங் வீலுக்குப் பின்னால், டாஷ்போர்டுக்குக் கீழே, ஒரு இரும்புக் குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. முதல் காரில் அந்தக் குழாய்க்குள் இருப்பது நீளமான, நேரான, வளையாத இரும்புத் தண்டு. இரண்டாவது காரில் இருப்பதோ அடி விழுந்தால் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் தண்டு.

அந்தக் குழாய், தண்டு, அதைச் சுற்றியுள்ள சுவிட்ச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கராஜ்களில் "ஸ்டியரிங் கொலம்" என்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய கார் ஒன்றைத் திருத்தும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், இந்தச் சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பழைய கார்களில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கும். அப்போது கொலத்தை வெளியே எடுத்து, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்ய, அந்தக் குழாய்க்குள் ஏன் சில பகுதிகள் பிளாஸ்ரிக்கால் செய்யப்பட்டிருக்கின்றன என்பதற்கான வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அந்த வரலாறு தெரியாமல் திருத்துபவர், காரை முன்பைவிட ஆபத்தானதாக மாற்றிவிடக்கூடும்.

தடியிலிருந்து வளையத்துக்கு

முதல் கார்களில் ஸ்டியரிங் வீல் இல்லை. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியை ஒரு சிறிய கைப்பிடியால்தான் திருப்பினார்கள். படகின் சுக்கானைப் பிடிப்பதுபோல அது. மெதுவாக ஓடும் வண்டிக்கு அது போதும். வேகம் கூடியபோது பிரச்சினை வந்தது. முன்சில்லு ஒரு கல்லில் ஏறினால் கைப்பிடி கையை உதறிவிட்டுத் திரும்பிவிடும்.

1894இல் பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு நடந்த மோட்டார் வண்டிப் போட்டியில் அல்பிரட் வஷெரோன் என்பவர் தன்னுடைய பன்ஹார்ட் வண்டியில் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு வளையத்தைப் பூட்டி ஓட்டினார். 1898இல் பன்ஹார்ட் நிறுவனத்தின் பொறியியலாளர் ஆர்தர் கிரெப்ஸ், அந்த வளையத்தைத் தாங்கும் தண்டை ஓட்டுநரை நோக்கிச் சாய்த்து வைத்தார். கைகளுக்கு வசதியாக இருந்தது. பிடி உறுதியாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் கார்கள் அப்படியே செய்யப்பட்டன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தண்டு சாய்ந்தபோது, அதன் ஒரு முனை காரின் முன்பக்கத்தில் உள்ள ஸ்டியரிங் பெட்டியில் இருந்தது. மறுமுனை ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அன்றைய வேகத்தில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் கார்கள் மணிக்கு 100 கிலோமீற்றரைச் சாதாரணமாகத் தாண்டின. தண்டு மட்டும் அதே இடத்தில், அதே விதமாக, நெஞ்சைக் குறிவைத்து நின்றது.

இரண்டு மோதல்கள்

ஒரு கார் சுவரில் மோதும்போது உண்மையில் இரண்டு மோதல்கள் நடக்கின்றன. முதலாவது, கார் சுவரில் மோதுவது. இரண்டாவது, காருக்குள் இருப்பவர் காரின் உட்பகுதியில் மோதுவது. கார் நின்றுவிட்டது, ஆனால் உள்ளே இருப்பவர் இன்னும் அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்துவது எது? சீற் பெல்ற் இல்லாத காலத்தில் ஓட்டுநரை நிறுத்தியது ஸ்டியரிங் வீல். அதன் நடுவே இருந்தது இரும்புத் தண்டு. அதோடு, முன்பக்கம் நசுங்கும்போது ஸ்டியரிங் பெட்டி பின்னே தள்ளப்படும். அதனால் தண்டும் ஓட்டுநரை நோக்கி வரும். அவர் முன்னே போக, ஈட்டி பின்னே வர, நடுவில் நெஞ்சு.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். பள்ளியில் படிக்கும் சமன்பாடுதான். ஒருவருடைய நெஞ்சு மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு சுமார் 6.7 மீற்றர் வேகத்தில், ஸ்டியரிங்கில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சென்ரிமீற்றருக்குள் அது நிறுத்தப்பட்டால், உடல் உணரும் வேகத்தடை புவியீர்ப்பைப்போல சுமார் 110 மடங்கு. அதே நெஞ்சு 20 சென்ரிமீற்றர் தூரத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டால், அது சுமார் 11 மடங்கு. வேகம் அதேதான். நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் மாறியது. பத்து மடங்கு தூரம் கிடைத்தால் விசை பத்தில் ஒன்றாகக் குறைகிறது.

இந்தச் சின்னக் கணக்கில்தான் நாம் பேசப்போகும் கண்டுபிடிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

விழுந்து பிழைத்தவர்களைப் படித்த மனிதர்

இந்தக் கணக்கை மனித உடலோடு சேர்த்து யோசித்தவர்களில் முன்னோடி ஹியூ டி ஹேவன். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், பிரித்தானிய விமானப்படையின் கனடியப் பிரிவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது அவருடைய விமானம் இன்னொரு விமானத்தோடு மோதியது. அவர் பிழைத்தார். ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகள் மோசமாகக் காயப்பட்டிருந்தன. தன்னைக் காயப்படுத்தியது விழுந்த வேகம் மட்டுமல்ல, தான் கட்டியிருந்த பெல்ற்றின் கூரான பூட்டும்தான் என்று அவர் பிறகு புரிந்துகொண்டார்.

விபத்து என்றால் விதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவரோ வேறு கேள்வி கேட்டார்: விபத்து நடந்துதான் விட்டது; அதற்குள் எந்தப் பொருள் எந்தக் காயத்தை உண்டாக்கியது? மிக உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்தவர்களைத் தேடி, அவர்கள் எதன்மீது விழுந்தார்கள், அது எவ்வளவு அமுங்கியது என்று ஆராய்ந்து 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறகு கோர்னல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விபத்துக் காயங்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். முதலில் விமானங்கள், 1950களில் கார்கள். கார் விபத்துகளில் காயத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஸ்டியரிங் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின.

அதாவது 1950களிலேயே பிரச்சினை தெரிந்திருந்தது. ஃபோர்ட் நிறுவனம் 1956 மாதிரிக் கார்களில் நடுப்பகுதி உள்ளே குழிந்த ஸ்டியரிங் வீலைக் கொடுத்தது. நெஞ்சு தண்டின் முனையில் படுவதற்கு முன் வளையத்தில் படட்டும் என்பது நோக்கம். நல்ல முயற்சி. ஆனால் அந்த ஆண்டு ஷெவர்லே அதிகமாக விற்றது. "பாதுகாப்பு விற்காது" என்ற முடிவுக்குக் கார்த் தொழில் வந்தது. விபத்து என்றால் ஓட்டுநரின் தவறு, அவரைத் திருத்தினால் போதும் என்ற பேச்சே பலமாக இருந்தது.

1965 – 1968: நிலைமை மாறியது

1965இன் இறுதியில் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் அமெரிக்கக் கார்களின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு முழு அத்தியாயம் நான் மேலே சொன்ன "இரண்டாவது மோதல்" பற்றியது. ஜெனரல் மோட்டர்ஸ் அவரைப் பின்தொடரத் துப்பறிவாளர்களை அமர்த்தியது. அது வெளியே வந்தது. 1966 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச், அமெரிக்க செனட் குழுவின் முன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு அமெரிக்க வீதிகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியது. 1966 செப்டெம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ஆனால் இதை ஒரு நல்லவர், ஒரு கெட்டவர் கதையாக மட்டும் பார்க்கக் கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே, அமெரிக்க அரசு தான் வாங்கும் 1967 மாதிரிக் கார்களில் அடியைத் தாங்கிச் சுருங்கும் ஸ்டியரிங் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் கார் வாங்கும் வாடிக்கையாளர் அரசு. அந்த வியாபாரத்தை யாரும் இழக்க விரும்பவில்லை. அதோடு ஜெனரல் மோட்டர்ஸின் ஸ்டியரிங் பிரிவான சாகினோவின் பொறியியலாளர்கள் தீர்வைக் கையில் வைத்திருந்தார்கள். 1967 மாதிரிகளில் அந்த நிறுவனத்தின் கார்களில் அது வந்தது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸும் அதே 1967இல் சுருங்கும் ஸ்டியரிங் தண்டைத் தன் கார்களில் கொண்டுவந்தது. அதன் பின்னால் பேலா பாரென்யி என்ற பொறியியலாளரின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. காரின் முன்பக்கம் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டும் என்று 1951இலேயே காப்புரிமை கேட்டவர் அவர்.

1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களுக்கு இரண்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று: மனித நெஞ்சு வடிவிலான ஒரு கட்டை மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங்கில் மோதினால், அதன்மேல் வரும் விசை 11,120 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இரண்டு: கார் மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில் சுவரில் மோதினால், ஸ்டியரிங் பின்னோக்கி 12.7 சென்ரிமீற்றருக்கு மேல் வரக் கூடாது. முதல் விதி "முன்னே போகும் நெஞ்சு" பற்றியது. இரண்டாவது "பின்னே வரும் ஈட்டி" பற்றியது.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

ஜெனரல் மோட்டர்ஸின் முதல் வடிவம் எளிமையானது. வெளிக்குழாயின் ஒரு பகுதியை வலைபோல வெட்டியிருந்தார்கள். அடி விழுந்தால் அந்த வலை, மடக்கி வைக்கும் ஜப்பானியக் காகித விளக்குபோல அமுங்கும். பிறகு இன்னொரு வடிவம் வந்தது. வெளிக்குழாய் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும். இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்ன உருக்குக் குண்டுகளை இறுக்கமாகச் செருகியிருப்பார்கள். அடி விழும்போது குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும். அப்போது குண்டுகள், ஏர் நிலத்தை உழுவதுபோல, குழாயின் சுவரில் கோடு கிழித்துக்கொண்டே உருளும். உலோகத்தைக் கிழிக்க ஆற்றல் செலவாகும். ஓட்டுநரின் வேகத்திலிருந்த ஆற்றல் அப்படித்தான் கரைக்கப்படுகிறது.

உள்ளே உள்ள ஸ்டியரிங் தண்டும் இரண்டு துண்டு. ஒன்று இன்னொன்றுக்குள் வழுக்கி நுழையும். சாதாரண நேரத்தில் அது வழுக்காமல் இருக்க, துளைகளில் பிளாஸ்ரிக்கை ஊற்றி ஊசிகளாக இறுக விட்டிருப்பார்கள். சில்லைத் திருப்பும் விசையை அந்தத் தண்டின் தட்டையான பக்கங்கள் தாங்கும். பிளாஸ்ரிக் ஊசிகள் நீளத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கும். விபத்தில் அவை முறியும். டாஷ்போர்டின் கீழ் கொலத்தைத் தொங்கவிடும் தாங்கியிலும் இதே யோசனைதான். போல்ட் போகும் இடத்தில் சின்னத் துண்டுகள் பிளாஸ்ரிக்கால் ஒட்டப்பட்டிருக்கும். ஓட்டுநரின் நெஞ்சு அடித்தால் அவை முறிந்து, கொலம் முன்னோக்கி நழுவ வழிவிடும்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். எங்கள் வேலையிலும் இதே கேள்வி தினமும் வரும்: இது பழுதாகும்போது எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்? மிகப் பலமான பாகத்தைச் செய்வதைவிட, சரியான இடத்தில் பலவீனத்தை வைப்பது கடினமான பொறியியல்.

திருத்தும்போது

இப்போது 1970களின் அப்படியான கார் ஒன்றை ஒருவர் திருத்துகிறார் என்று வையுங்கள். மேலும் கீழும் சாய்க்கக்கூடிய ஸ்டியரிங் என்றால், உள்ளே நான்கு போல்ட்டுகள் ஆண்டுக்கணக்கில் தளர்ந்து, ஸ்டியரிங் மொத்தமாக ஆடும். அவற்றை இறுக்கத்தான் பலர் கொலத்தைப் பிரிக்கிறார்கள். கீழே உள்ள பேரிங் தேய்ந்திருக்கும். ஸ்டியரிங் பெட்டியோடு தண்டை இணைக்கும், துணி கலந்த ரப்பர் வட்டு வெடித்திருக்கும். திறப்பு போடும் பூட்டு, சிக்னல் சுவிட்ச் எல்லாம் அதே கொலத்தில்தான் இருக்கும்.

முதலில் பற்றரியைக் கழற்றுவார்கள். அடுத்து ஸ்டியரிங் வீல். இங்கேதான் பழைய கராஜ் பழக்கம் ஆபத்தாகிறது. வீல் இறுகிப்போய் வர மறுக்கும். சுத்தியலை எடுத்துத் தண்டின் முனையில் இரண்டு தட்டுத் தட்டலாம் என்று கை போகும். வளையாத பழைய தண்டில் அது சரிவரும். இந்தத் தண்டிலோ அந்த இரண்டு தட்டு உள்ளே உள்ள பிளாஸ்ரிக் ஊசிகளை முறித்துவிடலாம், குழாய்களைச் சற்றுச் சுருக்கிவிடலாம். அதனால்தான் தயாரிப்பாளர்களின் திருத்தக் கையேடுகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன: தண்டில் சுத்தியலால் அடிக்காதே, கொலத்தைச் செங்குத்தாகக் கீழே போடாதே, அதன்மேல் சாயாதே, வீலைக் கழற்றும் கருவியை மட்டும் பயன்படுத்து. வெளியே எடுத்த கொலத்தின் நீளத்தை அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால், அது ஏற்கெனவே ஒரு முறை அடி வாங்கியது என்று அர்த்தம். அதற்கு மேல் அது காப்பாற்றாது.

அதைவிட மோசமான இன்னொரு வழி இருக்கிறது. முறிந்த பிளாஸ்ரிக் ஊசியைப் பார்த்து, "என்ன மலிவான வேலை, பிளாஸ்ரிக்கைப் போய் வைத்திருக்கிறான்" என்று சொல்லி, அந்தத் துளையில் ஒரு நல்ல உருக்கு போல்ட்டை முறுக்கிவிடுவது. அல்லது இரண்டு துண்டையும் வெல்டிங் பண்ணிவிடுவது. ஸ்டியரிங் கல்லுப்போல உறுதியாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் சுகமாக இருக்கும். எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்தக் கார் 1965க்குத் திரும்பிப் போய்விட்டது. அதை ஓட்டுபவருக்கு அது தெரியாது, மோதும் நாள்வரை.

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களைப் பற்றி உங்கள் வீட்டில் பெருமையாகப் பேசியிருப்பார்கள். இரும்பென்றால் அதுதான் இரும்பு என்பார்கள். அந்தப் பெருமை நியாயமானதே. அரை நூற்றாண்டுக்கு மேல் கைவேலையால் உயிரோடு வைத்திருப்பது சாதாரணத் திறமை அல்ல. ஆனால் அவை இந்த வரலாற்றுக்கு முந்திய வடிவமைப்புகள். இரும்பு வளையாமல் நின்றால், வளைவது உள்ளே இருப்பவர்தான்.

எத்தனை பேர்?

அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 1981இல் இந்த மாற்றத்தின் பலனைக் கணக்கிட்டது. முன்பக்க மோதல்களில் இறக்கும் ஆபத்தை அது 12 சதவீதம் குறைத்திருந்தது. ஸ்டியரிங்கில் மோதி வரும் கடுமையான காயங்களின் ஆபத்து 38 சதவீதம் குறைந்திருந்தது. அதே நிறுவனம் 2004இல் வெளியிட்ட இன்னொரு மதிப்பீட்டின்படி, 1960 முதல் 2002 வரை அந்த ஒரு நாட்டில் மட்டும் இந்த ஸ்டியரிங் காப்பாற்றிய உயிர்கள் 50,000க்கும் மேல். பட்டியலில் முதலிடம் சீற் பெல்ற்றுக்கு. ஆனால் பெல்ற்றை ஒருவர் போட வேண்டும். ஸ்டியரிங்கோ யாரும் எதுவும் செய்யாமலே காத்துக்கொண்டிருக்கும்.

காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் எதனால் பிழைத்தோம் என்றுகூடத் தெரிந்திருக்காது. "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லியிருப்பார்கள். அதில் பிழையில்லை. கூடவே, விமான விபத்தில் பிழைத்த ஒருவரின் பிடிவாதமும், ஒரு வழக்கறிஞரின் கோபமும், அரசின் கொள்வனவு நிபந்தனையும், பிளாஸ்ரிக் ஊசியின் தடிப்பைக் கணக்கிட்ட பெயர் தெரியாத பொறியியலாளர்களும் இருந்தார்கள்.

ஆகவே, தம்பி தங்கைகளே, வீட்டில் யாராவது பழைய கார் ஒன்றைத் திருத்தினால், பக்கத்தில் போய் நின்று டோர்ச் பிடியுங்கள். கைவேலை பழக அதைவிட நல்ல இடம் இல்லை. கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கொலம் சுருங்கும் வகையா? அதன் நீளம் கையேட்டில் உள்ள அளவுதானா? கழற்றிய பிளாஸ்ரிக் ஊசிக்குப் பதிலாக என்ன போடுகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "நல்ல போல்ட்டாகப் போட்டுவிட்டேன்" என்று பதில் வந்தால், மரியாதையாக, ஆனால் விடாமல், அது ஏன் உடைய வேண்டும் என்று விளக்குங்கள்.